லிட்டன் பிரபுவின் மகளும் ஜேன் வார்டன் என்ற தையல்காரியும்

மார்ச் 8

ஒரு வாசகர் கேட்டது: "மகளிர் தினம் வந்தால் போதும், வாக்குரிமைக்காகப் போராடிய லண்டன் சஃப்ரஜெட் பெண்களின் படத்தைப் போட்டுவிடுகிறார்கள். அவர்கள் எல்லாம் பெரிய வீட்டுப் பெண்கள். கண்ணாடியை உடைத்தார்கள், சிறையில் நாலு நாள் சாப்பிடாமல் இருந்தார்கள், உடனே வெளியே விட்டுவிட்டார்கள். இதில் தியாகம் எங்கே இருக்கிறது?"

தம்பி, நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. பெரிய வீட்டுப் பெண்களை உடனே விட்டுவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் இதை உங்களுக்கு 115 வருஷம் முன்பே ஒருத்தர் கேட்டுவிட்டார். அவரும் பெரிய வீட்டுப் பெண்தான். பெயர் கான்ஸ்டன்ஸ் லிட்டன். கேட்டதோடு நிற்காமல், வேறு பெயரில் சிறைக்குள் போய் அதை நிரூபித்துவிட்டு வந்தார். அதற்கு உடம்பை விலையாகக் கொடுத்தார்.

இரவு வந்து விரிவாக எழுதுகிறேன்.

மார்ச் 8, இரவு

1869-ல் வியன்னாவில் பிறந்தவர். அப்பா ராஜதந்திரி, பிறகு இந்தியாவின் வைஸ்ராய். கான்ஸ்டன்ஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மனதுக்குப் பிடித்தவர் ஒருவர் இருந்தார். அந்தஸ்து போதாது என்று அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்தில் நெப்வொர்த் ஊரில் அம்மாவுக்குத் துணையாக, தோட்டமும் பியானோவுமாக நாற்பது வயது நெருங்கும்வரை வீட்டோடு இருந்தார். சைவச் சாப்பாடு. சின்ன வயதிலிருந்தே இதயக் கோளாறு.

1908-ல் லிட்டில்ஹாம்டன் என்ற கடலோர ஊரில், உழைக்கும் பெண்களுக்கான விடுமுறை விடுதியில், சஃப்ரஜெட் தலைவர்களான எமெலின் பெதிக்-லாரன்ஸையும் ஆனி கென்னியையும் சந்திக்கிறார். ஆனி கென்னி பத்து வயதில் பஞ்சாலைக்கு வேலைக்குப் போனவர். அவர்கள் பேசியதைக் கேட்டதுமே கான்ஸ்டன்ஸ் மாறிவிடவில்லை. கல்லெறிவது, கூட்டத்தில் கத்துவது எல்லாம் அவருக்குப் பிடிக்கவில்லை, வாதாடியிருக்கிறார்.

அதே ஊரில்தான் அந்த ஆடு. கசாப்புக் கொட்டகைக்கு ஓட்டிப்போன ஆடு ஒன்று தப்பித்துத் தெருவில் ஓடுகிறது. மிரண்டுபோய், அழுக்காகி, கோணல்மாணலாக ஓடுகிறது. சுற்றி நின்ற கூட்டம் கை கொட்டிச் சிரிக்கிறது. பிடித்த ஆள் அதை அறைகிறான். அதைப் பார்த்து நின்றபோதுதான் பெண்களின் நிலை தனக்கு உறைத்தது என்று தன் சிறை நினைவுகளில் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை நான் மூன்று தடவை திரும்பத் திரும்ப வாசித்தேன்.

மார்ச் 9

லிட்டன் என்றதும் சிலருக்குப் பொறி தட்டியிருக்கும். ஆமாம், அதே லிட்டன்தான். 1876 முதல் 1880 வரை வைஸ்ராய். நம் ஊர்க் கிழவிகள் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்வார்களே, அந்தப் பஞ்சத்தின்போது மேலே உட்கார்ந்திருந்தவர். சென்னை மாகாணத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த நேரத்தில், 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் தர்பார் கூட்டி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தவர்.

நிவாரணச் செலவைக் குறைக்க ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை இங்கே அனுப்பியவரும் அவர்தான். நாள் முழுக்க மண் வெட்டும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஓர் அணா. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. சென்னையின் சுகாதார அதிகாரி கார்னிஷ், இதில் உயிர் நிற்காது என்று சண்டை போட்ட பிறகுதான் அளவு கூடியது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் சுமார் 55 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கு சொல்கிறார்கள். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாய்த் துண்டு அந்தப் பஞ்ச வேலையில் வெட்டியதுதான்.

அந்த வைஸ்ராயின் மகள், அப்போது ஏழெட்டு வயதுச் சிறுமி, பின்னாளில் சிறையில் சாப்பாட்டை மறுத்துப் படுத்தார். அப்பா போட்ட பட்டினிக்கு மகள் பிராயச்சித்தம் செய்ததுபோல எனக்குத் தோன்றுகிறது.

மார்ச் 10

நேற்று எழுதிய கடைசி வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ராத்திரி முழுக்க உறுத்தியது. பிராயச்சித்தம் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. அவர் சாப்பாட்டை மறுத்தது வாக்குரிமைக்காக, சக கைதிகளுக்காக. அதை அப்பா கணக்கில் எழுதினால், அந்த அம்மாளின் சொந்தத் தீர்மானத்தை நானே பிடுங்கி ஓர் ஆணின் கதைக்குள் சொருகியதாகிவிடும். பஞ்சத்தில் செத்தவர்களுக்கும் அது நியாயம் இல்லை. அவர்கள் பட்டினியைத் தேர்ந்தெடுக்கவில்லை.

இரண்டும் உண்மை, இரண்டும் ஒரே குடும்பத்தில் நடந்தது. அதற்கு மேல் நான் சொல்லக் கூடாது.

மார்ச் 10, மாலை

சரி, சிறை.

1909 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு மனு கொடுக்கப் போன கூட்டத்தில் கைது. ஒரு மாதம், லண்டன் ஹாலோவே சிறை. இதயக் கோளாறு என்று சொல்லி அவரை ஆஸ்பத்திரி வார்டில் வைத்துக்கொண்டார்கள். மற்றப் பெண்கள் கொட்டடியில் கிடக்கிறார்கள். இவருக்கு மட்டும் கவனிப்பு. தன்னையும் அங்கே அனுப்பச் சொல்லி எத்தனை கேட்டும் நடக்கவில்லை. ஊசியை எடுத்தார். 'பெண்களுக்கு வாக்கு' என்று ஆங்கிலத்தில் நெஞ்சிலிருந்து முகம்வரை கீறிக்கொள்வது என்று திட்டம். முதல் எழுத்தான 'வி'யை நெஞ்சின் மேல் கீறி முடித்ததும் தெரிந்துவிட்டது. பிறகு கொட்டடிக்கு மாற்றினார்கள்.

அதே வருஷம் ஜூலையில் மேரியன் வாலஸ் டன்லப் என்ற ஓவியர் சிறையில் முதன்முதலாக உண்ணாவிரதம் இருந்தார். 91 மணி நேரத்தில் விடுதலை. அடுத்தடுத்து வந்தவர்களும் அதையே செய்தார்கள். செப்டம்பரில் பர்மிங்காம் வின்சன் கிரீன் சிறையில் அரசு பதிலடி கொடுக்க ஆரம்பித்தது: ஆளைப் பிடித்து அமுக்கி, குழாய் வழியாக உணவு.

அக்டோபரில் நியூகாசில். நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் வந்திருந்த சமயம் ஒரு கார்மேல் கான்ஸ்டன்ஸ் கல்லெறிந்தார். சிறை, உண்ணாவிரதம். இரண்டு மூன்று நாளில் இவரையும், பெயர்பெற்ற பத்திரிகையாளரின் மனைவியான ஜேன் பிரெய்ல்ஸ்ஃபோர்டையும் விட்டுவிட்டார்கள். இவருக்குக் காரணம் இதயம் என்றார்கள். கூட இருந்த மற்றப் பெண்களில் பலருக்குக் குழாய்.

தம்பி, உங்கள் கேள்வி பிறந்த இடம் இதுதான். என் இதயத்தைப் பார்த்தார்களா, என் பெயரைப் பார்த்தார்களா என்று அந்த அம்மாளே கேட்டுக்கொண்ட இடமும் இதுதான்.

மார்ச் 12

இரண்டு நாள் எழுத முடியவில்லை. அடுத்த பகுதியை எழுத எனக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருந்தது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருஷம் முன்பு என் அம்மாவுக்குப் பக்கவாதம். விழுங்க முடியவில்லை, மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டார்கள். நர்ஸ் நல்ல பெண். டியூப் முனையில் ஜெல்லி தடவி, அம்மாவின் தலையைத் தூக்கிப் பிடித்து, "முழுங்குங்கம்மா, முழுங்குங்க, இதோ போயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே தள்ளினார். சிரிஞ்சால் காற்றைச் செலுத்தி, வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்து, சத்தம் கேட்டபிறகுதான் பிளாஸ்டர் ஒட்டினார். இவ்வளவு பதமாகச் செய்தும் அம்மாவின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. ஒரே பக்கம்தான் பலம் இருந்தது, அந்தப் பலம் முழுவதும் என் மணிக்கட்டில்.

நாற்பத்தைந்து நாள் அந்த டியூப். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வடிகட்டிய கஞ்சி, மோர், இளநீர். 200 மில்லி. ஒவ்வொரு தடவையும் சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்து, தானாக இறங்கட்டும் என்று காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் வாந்தி. இருமல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும், நுரையீரலுக்குப் போய்விட்டால் ஆபத்து.

அதனால்தான் வால்டன் சிறையில் கான்ஸ்டன்ஸுக்கு நடந்ததை வாசிக்கும்போது என்னால் அதைச் சரித்திரம் என்று தள்ளி வைக்க முடியவில்லை.

மார்ச் 12, இரவு

1910 ஜனவரி. லிவர்பூல் வால்டன் சிறையில் சலினா மார்ட்டின் என்ற பெண்ணை, விசாரணைக் கைதியாக இருக்கும்போதே கொடுமைப்படுத்திய செய்தி வெளியே வந்திருந்தது. கான்ஸ்டன்ஸ் அந்த ஊரையே தேர்ந்தெடுத்தார்.

முடியை வெட்டிக்கொண்டார். மலிவான கோட்டு, கம்பளித் துணித் தொப்பி, மூக்கில் கவ்வும் கண்ணாடி. உள்ளாடைகளில் இருந்த தன் பெயரெழுத்துகளைப் பிரித்து எடுத்தார். பார்க்க லட்சணமில்லாத கைதிகளிடம்தான் சிறையில் அதிகக் கடுமை என்று கவனித்திருந்தார். அதனால் வேண்டுமென்றே தன்னை அவலட்சணமாக்கிக்கொண்டார். தெருவில் பையன்கள் சிரித்தார்கள். பெயர் ஜேன் வார்டன், தொழில் தையல். ஜேன் என்பது பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கை நினைத்து வைத்தது.

ஜனவரி 14 அன்று சிறை கவர்னர் வீட்டுக்கு முன்னால் கூட்டம் கூட்டிக் கல்லெறிந்து கைதானார். இரண்டு வாரம், கைதிகளில் கடைசித் தட்டான மூன்றாம் பிரிவு, கடுங்காவல்.

நாலு நாள் சாப்பிடவில்லை. ஜேன் வார்டனின் நெஞ்சில் யாரும் ஸ்டெதாஸ்கோப் வைக்கவில்லை, நாடி பிடிக்கவில்லை. மூன்று மாதம் முன்பு இதே இதயத்துக்காகத்தான் லேடி கான்ஸ்டன்ஸை வெளியே விட்டார்கள்.

டாக்டரும் நாலைந்து பெண் வார்டர்களும் வந்தார்கள். பலகைக் கட்டிலில் படுக்கவைத்துக் கையையும் காலையும் அமுக்கினார்கள். வாயைத் திறந்து வைக்கும் கவ்வியில் மரம் வேண்டுமா இரும்பு வேண்டுமா என்றார் டாக்டர். இரும்பு வலிக்கும் என்றும் சொன்னார். கான்ஸ்டன்ஸ் பல்லை இறுகக் கடித்துக்கொண்டார். இரும்புதான். இயல்பாகத் திறக்கும் அளவையும் தாண்டித் தாடை விரிந்தது. தொண்டைக்குள் நாலு அடி நீளக் குழாய், தேவைக்கு மேல் தடிமன். ஊற்ற ஊற்ற வாந்தி; தலைமுடி, சுவர், டாக்டரின் உடுப்பு எல்லாம். முடித்துவிட்டுக் கிளம்பும்போது டாக்டர் அவர் கன்னத்தில் ஒரு அறை விட்டார். பலமாக இல்லை, இளக்காரமாக. மாற்றுடை காலையில்தான் என்றார்கள்.

அப்படியே கிடக்கும்போது பக்கத்து அறையில் அதே சத்தம் கேட்கிறது. அங்கே இன்னொரு சஃப்ரஜெட் கைதி, எல்சி ஹவி. சத்தம் நின்றதும் கான்ஸ்டன்ஸ் சுவரைப் பார்த்து "பணிய மாட்டோம்" என்று குரல் கொடுத்தார். சுவருக்கு அந்தப்பக்கமிருந்து எல்சியின் குரல்: "பணிய மாட்டோம்."

இப்படி எட்டு நாள்.

மார்ச் 13

திருத்தம்: எட்டு நாள் இல்லை, எட்டு முறை. தூக்கக் கலக்கத்தில் தப்பாக எழுதிவிட்டேன், சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. ஜனவரி 18-ல் ஆரம்பித்து 23-ல் விடுதலை. இடையில் ஒரு தடவை இன்னொரு டாக்டர் வந்து போகிறபோக்கில் நெஞ்சைச் சோதித்து, அருமையான இதயம் என்று சொல்லிவிட்டுப் போனார். விஷயம் கசிந்து, இது யார் என்று அதிகாரிகளுக்குத் தெரிந்த பிறகுதான் கதவு திறந்தது. தங்கை எமிலி வந்து கூட்டிப்போனார்.

"இதில் தியாகம் எங்கே" என்று கேட்ட தம்பியிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. அவரை மடக்குவதற்காக நான் எழுதவில்லை. அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அதனால்தான் இவ்வளவு.

மார்ச் 15

ஒருவர் கேட்கிறார்: "மாறுவேஷம் போட்டது நாடகம் இல்லையா? ஏழைப் பெண்ணின் சட்டையைச் சில நாள் போட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாரே. உண்மையான தையல்காரிக்கு அந்த வசதி இல்லையே?"

இதை நானும் யோசித்தேன். சரியான ஆட்சேபம். பெயர் வெளிவந்ததும் கதவு திறந்தது என்பதிலேயே அது இருக்கிறது. உண்மையான ஜேன் வார்டனாக இருந்தால் இரண்டு வாரமும் முடிந்திருக்கும், அல்லது உயிர் போயிருக்கும். செய்தித்தாள் பேசியதும் ஒரு பிரபுவின் மகள் என்பதால்தான்.

ஆனாலும் நான் அவர் பக்கம் நிற்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் அம்மாவை முதலில் பொது வார்டில்தான் சேர்த்தோம். அங்கே வந்த டாக்டர் படுக்கையின் கால்மாட்டில் நின்று, "ஏம்மா, கையத் தூக்கு" என்று சொல்லிவிட்டு ஃபைலைப் பார்த்துக்கொண்டே போவார். நாலாம் நாள் என் தம்பி பணம் அனுப்பினான், தனி அறைக்கு மாற்றினோம். அதே டாக்டர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அம்மா, இன்னைக்கு எப்படி இருக்கீங்க?" என்றார். அம்மாவின் இதயத்தில் அன்றைக்குத்தான் ஒரு சத்தம் கேட்கிறது என்று எக்கோ எடுக்கச் சொன்னார். நாலு நாளும் அந்தச் சத்தம் இருந்திருக்கும்தானே?

இதை நான் எங்கே போய் நிரூபிப்பேன்? என்னிடம் இருப்பது ஒரு உடம்பு, ஒரு பெயர். கான்ஸ்டன்ஸ் ஒரே உடம்பை இரண்டு பெயரில் கொண்டுபோய் அந்த அரசின் முன்னால் வைத்தார். நியூகாசிலில் ஒரு தீர்ப்பு, லிவர்பூலில் ஒரு தீர்ப்பு. தையல்காரி ஒருத்தி நூறு தடவை சொல்லியும் ஏறாத காதில் அது ஏறியது. அப்படித்தான் ஏறியது என்பது அநியாயம்தான். அந்த அநியாயத்தை வைத்தே அவர் வேலை செய்தார்.

அண்ணன்மார் தங்கைகள் விஷயத்தில் பொதுவாக மௌனம் சாதிக்கிற காலத்தில், அவருடைய தம்பி விக்டர் லிட்டன் பிரபு பத்திரிகையில் எழுதி நியாயம் கேட்டார். உள்துறை ஒத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 15, பின்னிரவு

முந்தைய குறிப்பில் 'அண்ணன்மார் தங்கைகள்' என்று எழுதியது குழப்புகிறது. விக்டர் இளையவர், 1876-ல் சிம்லாவில் பிறந்தவர். அக்காவுக்காகத் தம்பி பேசினார்.

மார்ச் 17

இந்தக் குடும்பத்தை நோண்ட நோண்ட வந்துகொண்டே இருக்கிறது.

கான்ஸ்டன்ஸின் பாட்டி ரோஸினாவை, தேர்தல் மேடையில் தன்னைப் பற்றிப் பேசிவிட்டார் என்று, 1858-ல் தாத்தா மனநோய் விடுதியில் அடைத்துவைத்தார். ஊரே கொதித்ததால் சில வாரத்தில் வெளியே விட்டார். ரோஸினாவின் அம்மா ஆனா வீலர், 1825 வாக்கிலேயே பெண் உரிமைக்காக எழுதியவர். ஆக, கான்ஸ்டன்ஸுக்கு இது கொள்ளுப்பாட்டி வழிச் சொத்து.

தங்கை எமிலியின் கணவர் எட்வின் லட்யன்ஸ், புது டெல்லியைக் கட்டினவர். எமிலியே பிற்பாடு பிரம்மஞானசபையில் சேர்ந்து ஜே. கிருஷ்ணமூர்த்தியைப் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் விக்டர். 1922 முதல் 1927 வரை வங்காள கவர்னர். 1924 அக்டோபரில் சுபாஷ் சந்திர போஸ் விசாரணையில்லாமல் கைதானபோது அந்த நாற்காலியில் இருந்தவர் இவர்தான். அக்காவைச் சிறையில் நடத்திய விதத்துக்காகப் பத்திரிகையில் சண்டை போட்ட அதே மனிதர். இதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. அக்கா அப்போது உயிரோடு இல்லை.

மார்ச் 18

"காந்திக்கு இவர்களைத் தெரியுமா?" தெரியும். 1909 ஜூலை முதல் நவம்பர் வரை அவர் லண்டனில்தான் இருந்தார், சிறை உண்ணாவிரதங்கள் தொடங்கிய அதே மாதங்கள். தன் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் இவர்களைப் பற்றி எழுதினார். துணிச்சலை மெச்சினார், கல்லெறிவதை ஏற்கவில்லை.

நம் ஊர்த் தொடர்பு கேட்டவருக்கு மார்கரெட் கசின்ஸ். அயர்லாந்துக்காரர். 1910-ல் லண்டனில் கல்லெறிந்து ஹாலோவே சிறை. 1913-ல் டப்ளின் கோட்டையில் கண்ணாடி உடைத்து டல்லமோர் சிறை, அங்கே உண்ணாவிரதம். 1915-ல் இந்தியா வந்தார். 1917-ல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் அமைத்ததில் முன்நின்றார். சொத்து உள்ள பெண்களுக்கு 1921-ல் சென்னை மாகாணம் வாக்குரிமை கொடுத்ததன் பின்னால் அந்தச் சங்கத்தின் உழைப்பு உண்டு. 1932-ல் அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசி வேலூர் சிறைக்கும் போனார். மூன்று நாட்டுச் சிறை பார்த்த அம்மாள். அவருக்குத் தனி இழை போட வேண்டும், இங்கே அடக்க முடியாது.

மார்ச் 20

வால்டனுக்குப் பிறகு கான்ஸ்டன்ஸின் உடம்பு தேறவே இல்லை. அதே வருஷம் இதயம் மோசமானது. இருந்தும் ஊர் ஊராகப் பேசினார், 1911 நவம்பரில் மறுபடி கண்ணாடி உடைத்துக் கைதானார். 1912 மே மாதம் பக்கவாதம். வலது பக்கம் போய்விட்டது.

அந்தச் சிறை நினைவுகளை இடது கையால் எழுதினார். நான் மேலே சொன்ன ஆடு, தொப்பி, இரும்புக் கவ்வி, கன்னத்தில் அறை எல்லாம் அவர் எழுதியதிலிருந்துதான் நமக்குத் தெரியும். எங்கள் அம்மாவுக்கும் வலது பக்கம்தான். ஓய்வூதியப் படிவத்தில் கைநாட்டு வைக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் இடது கையால் தன் பெயரை எழுதிப் பழகினார். ஐந்தெழுத்துப் பெயர். முதல் நாள் ஓர் எழுத்துக்குக் கால் மணி நேரம் ஆனது. பேனா வழுக்கும், தாள் நகரும், நான் தாளைப் பிடித்துக்கொள்வேன். ஒரு முழுப் புத்தகம் என்பது எத்தனை கால் மணி நேரம் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை.

1914-ல் புத்தகம் வந்தது. ஆசிரியர் என்று இரண்டு பெயர் போட்டிருக்கிறது: கான்ஸ்டன்ஸ் லிட்டன், ஜேன் வார்டன்.

1918-ல் முப்பது வயதான, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு வாக்கு வந்தது. அவர் 1923-ல் இறந்தார், 54 வயது. இருபத்தொரு வயதான எல்லாப் பெண்ணுக்கும் வாக்கு வந்தது 1928-ல். கூலித் தையல்காரி ஜேன் வார்டன் என்று ஒருத்தி நிஜமாகவே இருந்திருந்தால், பெரும்பாலும் அவள் அந்த 1928 வரை காத்திருந்திருப்பாள்.

மார்ச் 22

முதல் கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். "நாலு நாள் சாப்பிடாமல் இருந்தார்கள் என்று நான் எழுதியது தப்பு" என்று ஒரே வரி. தப்பில்லை தம்பி. பெரும்பாலானவர்களுக்குப் பாதிதான் சொல்லித்தந்திருக்கிறார்கள்.

மார்ச் 23

நேற்று சாயந்தரம் அம்மாவுக்கு இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். டியூப் வருகிற பகுதியை விட்டுவிடலாமா என்று பார்த்தேன், "வாசி" என்றார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும் வைஸ்ராய் மகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் பக்கத்து ரூம் பொண்ணு என்ன ஆச்சு?" என்றார்.

எல்சி ஹவி. பாதிரியார் மகள். 1909-ல் ஜோன் ஆஃப் ஆர்க் வேஷத்தில் வெள்ளைக் குதிரைமேல் லண்டன் ஊர்வலத்தில் போனவர். பிறகும் பலமுறை சிறை. 1963 வரை இருந்தார் என்று சொன்னேன்.

அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்ப எனக்குப் பத்து வயசு" என்றார்.